வைரல் லோடுல ஒண்ணுமே இல்லன்னு வருது, அப்போ எச்ஐவி உடம்புல எங்கதான் உக்காந்திருக்கு?

ஸ்லைடு_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நான் டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) ரெண்டாவது வருஷம், இப்போ ஒரு லேப்ல போஸ்டிங். மூணு வாரமா வைரல் லோடு, அதாவது ரத்தத்துல எச்ஐவி எவ்ளோ இருக்குன்னு பாக்கற செக்ஷன்ல போட்டுருக்காங்க. வேலைன்னு பாத்தா ட்யூப் எண்ணி லிஸ்ட்டோட டேலி பண்றது, சென்ட்ரிஃப்யூஜ்ல வைக்கறது, பிளாஸ்மா பிரிக்கறப்போ பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறது, அவ்ளோதான், மெஷின தொடவே விடல.

ரிப்போர்ட் பிரிண்ட் ஆகி வர்றப்போ பாத்தா முக்காவாசிப் பேருக்கு "டார்கெட் நாட் டிடெக்டட்"னு இருக்கு. வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடறவங்க. நான் சார்கிட்ட, அப்போ இவங்களுக்கு வைரஸ் போயிடுச்சா சார்னு கேட்டேன். "போகலடா, மாத்திரைய நிறுத்தினா மூணு வாரத்துல திரும்ப வந்து நிக்கும்"னு சொல்லிட்டு போன் வந்துச்சுன்னு வெளிய போயிட்டாரு.

திரும்ப வரும்னா எங்கேருந்து வரும்? ரத்தத்துல இல்லன்னு நம்ம மெஷினே சொல்லுதே. புக்ல "வைரஸ் சிடி4 செல்லுக்குள் நுழைந்து அதன் டிஎன்ஏவுடன் இணைந்துவிடும்"னு ஒரே ஒரு வரி (சிடி4 செல்லுன்னா நோயை எதிர்க்கற வெள்ளை அணுல ஒரு வகை) போட்டுட்டு நேரா எலைசா டெஸ்ட்டுக்கு போயிட்டான். எப்படி நுழையுது, எப்படி இணையுது, இணைஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்ணிக்கிட்டு இருக்கு, யாராவது கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்களேன். இன்டர்னல்ல மார்க் வாங்கறதுக்கு இல்ல, நிஜமாவே மண்டைய குடையுது.

மூலிகை_மணி:

தம்பி அது எலும்புக்குள்ள போய் ஒளிஞ்சிக்கும், இங்கிலீஷ் மருந்து அங்க எட்டாது, அதான் காலம்பூரா மாத்திரை விக்கறான். எங்க பக்கம் ஒருத்தர் 90 நாள்ல வேரோட எடுத்துடறாரு. வேணும்ங்கறவங்க இன்பாக்ஸ் வாங்க.

பிப்பெட்_பாண்டி:

யாரும் எந்த இன்பாக்ஸுக்கும் போகாதீங்க, அதை அப்புறம் பேசலாம்.

தம்பி, நான் மாலிக்யூலர் பயாலஜில ஆராய்ச்சி பண்றவன், எச்ஐவி என் நேரடி சப்ஜெக்ட் இல்ல, ஆனா பக்கத்து லேப்ல அதேதான் வேலை, டீ குடிக்கப் போனா வேற பேச்சே கிடையாது. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல கதவு. வைரஸோட வெளித்தோல்ல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறது ஜிபி120, அதை தாங்கிப் பிடிக்கறது ஜிபி41. கொரோனா படத்துல பாத்திருப்பியே பந்து பூரா முள்ளு, அப்படியெல்லாம் இங்க இருக்காது, ஒரு வைரஸுக்கு சராசரியா பதினாலு பதினஞ்சு முள்ளுதான், கஞ்சத்தனமா வச்சிருக்கும். இந்த ஜிபி120 செல்லு மேல இருக்கற சிடி4ங்கற புரதத்துல போய் ஒட்டுது. ஒட்டினதும் உள்ள போயிடாது, ஒட்டினவுடனே அதோட வடிவம் மாறும், மாறினதும் அதுவரைக்கும் மூடியிருந்த ஒரு பகுதி வெளிய வரும், அது ரெண்டாவதா இன்னொரு புரதத்தை தேடும், பெரும்பாலும் சிசிஆர்5, சில வைரஸுக்கு சிஎக்ஸ்சிஆர்4. ரெண்டும் கிடைச்சாதான் கீழ இருக்கற ஜிபி41 விரிஞ்சு தூண்டில் முள்ளு மாதிரி செல்லோட தோல்ல குத்தும், குத்திட்டு ரெண்டா மடங்கும், மடங்கறப்போ வைரஸ் தோலும் செல் தோலும் ஒண்ணையொண்ணு கிட்ட இழுத்துக்கும். ரசத்து மேல ரெண்டு எண்ணெய்ப் பொட்டு மிதந்து மிதந்து வந்து டக்குனு ஒண்ணாயிடும் பாரு, அதே மாதிரி ரெண்டு தோலும் கலந்துடும். கதவை உடைக்கலை, கதவோடயே கலந்துட்டான்.

இப்போ உள்ள விழறது என்னன்னா ஒரு கூம்பு, கேப்சிட்னு பேரு. பீச்ல கடலை மடிச்சுத் தருவாங்களே பேப்பர் பொட்டலம், அச்சு அசல் அந்த வடிவம். பி24ங்கற ஒரே புரதம் ஆயிரத்து ஐநூறு காப்பி கிட்ட சேர்ந்து கட்டின பொட்டலம் அது. ஆறாறா சேர்ந்த வளையம் 250 கிட்ட, நடுவுல அஞ்சஞ்சா சேர்ந்தது சரியா 12, அந்த 12 இல்லன்னா கூம்பு ரெண்டு முனையிலயும் மூடாது. உங்க லேப்ல ஃபோர்த் ஜெனரேஷன் கிட்டுல ஆன்டிபாடியோட சேத்து பி24 பாக்கறீங்கல்ல, அது இதே ஆள்தான்.

பொட்டலத்துக்குள்ள கடலைக்கு பதிலா ரெண்டு ஆர்என்ஏ இழை, ஒவ்வொண்ணும் 9,700 எழுத்து கிட்ட, கூடவே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், இன்டக்ரேஸ்னு ரெண்டு வேலையாள். மொத்தம் ஒன்பதே ஒன்பது ஜீன். நமக்கு 300 கோடி எழுத்து, அவனுக்கு பத்தாயிரம் கூட இல்ல, ஆனாலும் நம்மள ஆட்டி வைக்கறான்.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் அந்த ஆர்என்ஏவ பாத்து டிஎன்ஏ எழுதும். டிஎன்ஏவுலேருந்துதான் ஆர்என்ஏ வரும்னு எல்லாரும் படிச்சிக்கிட்டு இருந்த காலத்துல, 1970ல டெமினும் பால்டிமோரும் தனித்தனியா இதை கண்டுபுடிச்சு சொன்னாங்க, 75ல நோபல் வந்துடுச்சு. அப்போ எச்ஐவின்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாது, அது தெரிய வந்தது 1983ல. இந்த என்சைம் ஒரு சோம்பேறி டைப்பிஸ்ட், எழுதினதை திரும்பிப் படிக்கவே படிக்காது. சுமாரா மூணு தடவை முழுசா காப்பி எடுத்தா அதுல ஒரு தப்பாவது இருக்கும். கேக்கறதுக்கு கம்மியா தெரியும், ஆனா மருந்து எதுவும் சாப்பிடாத ஒருத்தர் உடம்புல ஒரு நாளைக்கு உருவாகற வைரஸ் ஆயிரம் கோடி கணக்குல இருக்குன்னு வச்சுப் பாரு.

எங்க புக்லயெல்லாம் இந்தக் கூம்பு உள்ள விழுந்ததும் சைட்டோபிளாசத்துலயே கரைஞ்சிடும்னுதான் இருந்துச்சு, பரீட்சைல நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். 2020, 21 வாக்குல அந்தக் கதையே மாறிடுச்சு. செல்லை அப்படியே உறைய வச்சு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா கூம்பு முழுசா நியூக்ளியஸ் சுவர்ல இருக்கற ஓட்டைக்குள்ள (நியூக்ளியர் போர், pore) நுழையுது. அந்த ஓட்டை ரொம்பச் சின்னது, கூம்பு போகாதுன்னு நினைச்சிக்கிட்டு இருந்தோம், பாத்தா உயிரோட இருக்கற செல்லுல ஓட்டை நாம நினைச்சதை விட பெருசா விரிஞ்சிருக்கு. டிஎன்ஏ எழுதற வேலை முடியறதே நியூக்ளியஸுக்குள்ளதான், அதுக்கப்புறம்தான் பொட்டலம் பிரியுது. வேற பல ரெட்ரோவைரஸ் செல் பிரியற வரைக்கும் வாசல்ல காத்துக்கிட்டு கிடக்கும், ஏன்னா அப்போதான் நியூக்ளியஸ் சுவர் கரையும். எச்ஐவிக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

அடுத்தது ஒட்டற இடம். கை வலிக்குது, சாப்பிட்டு வந்து எழுதறேன்.

ஸ்லைடு_தம்பி:

அண்ணா செம. பி24 பேரை தினமும் கிட்டுல பாக்கறேன், அது பொட்டலம்னு இன்னிக்குத்தான் தெரியும். ஒரு டவுட்டு. டிஎன்ஏவ வெட்டி சொருகறப்போ செல்லு சும்மா பாத்துக்கிட்டா இருக்கும்? டிஎன்ஏ ரிப்பேர்னு ஒரு சேப்டரே இருக்கே, வெட்டு விழுந்தா ஆள் ஓடி வருவாங்கன்னு.

பிப்பெட்_பாண்டி:

ஓடி வருவாங்க. வந்து அவனுக்குத்தான் வேலை செஞ்சு குடுத்துட்டுப் போவாங்க. அதை சொல்லத்தான் வந்தேன்.

எழுதி முடிச்ச வைரஸ் டிஎன்ஏவுக்கு ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி ஒரு நீளமான துண்டு இருக்கும், எல்டிஆர்னு சொல்வாங்க. இன்டக்ரேஸ் ரெண்டு முனையையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொரு முனையிலயும் ரெண்டு எழுத்தை நறுக்கும், துணி ஓரம் வெட்டற மாதிரி. அப்புறம் நம்ம டிஎன்ஏல மேல் இழையில ஒரு இடம், கீழ் இழையில அஞ்சு எழுத்து தள்ளி ஒரு இடம், ரெண்டையும் வெட்டிக்கிட்டே அதே மூச்சுல தன் முனைய அங்க ஒட்டிடும். வெட்டறது ஒட்டறது ரெண்டும் ஒரே வேலை, நடுவுல இடைவெளியே இல்ல. அவ்ளோதான் இன்டக்ரேஸ் வேலை முடிஞ்சுது. ஆனா ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு எழுத்துக்கு ஓட்டை நிக்கும், தையல் பிரிஞ்சு தொங்கற மாதிரி. அந்த ஓட்டையை அடைக்கற என்சைம் வைரஸ்கிட்ட கிடையாது. நீ சொன்ன நம்ம ரிப்பேர் ஆளுங்க வந்து, ஐயையோ டிஎன்ஏ ஓட்டையா இருக்கேன்னு பதறி நிரப்பி சீல் வச்சுட்டுப் போறாங்க. அதனாலதான் எந்த மனுஷன்கிட்ட எடுத்தாலும் எச்ஐவி சொருகின இடத்துல ரெண்டு பக்கமும் அதே அஞ்சு எழுத்து ரெட்டையா இருக்கும். திருடன் உள்ள வந்தான், கொத்தனார் நம்ம ஆளு.

எங்க ஒட்டறதுங்கறதும் குருட்டாம்போக்கு இல்ல. எல்இடிஜிஎஃப்னு நம்ம செல்லோட புரதம் ஒண்ணு, சுறுசுறுப்பா ஓடிக்கிட்டு இருக்கற ஜீன் மேல எப்பவும் உக்காந்திருக்கும். இன்டக்ரேஸ் அது கையைப் புடிச்சுக்கிட்டு நேரா மெயின் ரோட்டு பிளாட்டுக்கே போயிடும். ஆள் நடமாட்டம் இருக்கற ஜீனுக்குள்ள உக்காந்தா இவனையும் சேத்து படிப்பாங்கல்ல.

இதுக்கப்புறம் அதை வைரஸ்னே சொல்றதில்ல, புரோவைரஸ்னு சொல்றாங்க. நம்ம ஊர் கணக்குல சொன்னா வாடகைக்கு வந்தவன் பட்டாவுல பேர் ஏத்திட்டான். இனிமே செல் பிரியறப்போ எல்லாம் அவனையும் சேத்தே காப்பி எடுக்கும், அதுவும் டிஎன்ஏ காப்பி எடுக்கற நம்ம என்சைம் பாலிமரேஸ் எடுக்கறதால கிட்டத்தட்ட தப்பே இல்லாம எடுக்கும்.

உன் கேள்விக்கு இப்போ வா. நீங்க தர்ற மாத்திரைல மூணு மருந்து, டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர். முதல் ரெண்டும் அந்த டைப்பிஸ்ட்ட நிறுத்துது, மூணாவது இன்டக்ரேஸ் கையைக் கட்டுது. மூணுமே புதுசா ஒரு செல்லுக்குள்ள நடக்கப்போறதைத்தான் தடுக்கும். ஏற்கனவே எழுதி ஒட்டி சீல் வச்சதை அழிக்கற மருந்து அதுல ஒண்ணு கூட இல்ல.

ஊதாமூடி_அக்கா:

பாண்டி நல்லா சொன்னப்பா. ஆனா பட்டான்னா ரத்து பண்ண தாசில்தார் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, இங்க அதுவும் இல்ல.

ஸ்லைடு தம்பி, நான் லேப்ல இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவ. நீ கேட்ட கேள்விக்கு பதில் உன் கையிலயே இருக்கு, நீ தினமும் பாக்கற ட்யூப்ல. ஊதா மூடி இடிடிஏ ட்யூப்பை ஸ்பின் பண்ணி எடுத்ததும் என்ன தெரியும்? மேல வைக்கோல் கலர்ல பிளாஸ்மா, கீழ ரத்தச் சிவப்பு. ரெண்டுக்கும் நடுவுல பால் ஆடை மாதிரி மெல்லிசா வெள்ளையா ஒரு கோடு, பஃபி கோட். நீ எதை எடுத்து மெஷின்ல போடற? மேல இருக்கற பிளாஸ்மாவ. பிளாஸ்மாவ உறிஞ்சறப்போ நடு கோட்டை தொட்டுட்டா சீனியர் கத்துவாங்க, தொடாத தொடாத செல்லு வந்துடும்னு. கத்தறதுக்கு காரணமே அதுதான். சிடி4 செல்லு பூரா அந்தக் கோட்டுலதான் இருக்கு, புரோவைரஸும் அங்கதான். அதை நாம எடுக்கறதே இல்ல, டிஸ்கார்டுக்கு போயிடுது.

வைரல் லோடு என்ன எண்ணுதுன்னா, செல்லுலேருந்து வெளிய வந்து பிளாஸ்மால மிதக்கற வைரஸோட ஆர்என்ஏவ. தெருவுல எத்தன பேர் நடமாடறாங்கன்னு கணக்கெடுக்கறோம், வீட்டுக்குள்ள தூங்கறவனை எண்ணல. அதுலயும் மெஷினைப் பொறுத்து மில்லிக்கு 20லேருந்து 40 காப்பிக்கு கீழ இருந்தா அதால சரியா எண்ண முடியாது. டார்கெட் நாட் டிடெக்டட்னா பூஜ்யம்னு அர்த்தம் இல்ல தம்பி, எங்களுக்கு தெரியலைன்னு அர்த்தம்.

இன்னொண்ணு சொல்றேன், புரோவைரஸையே தேடற டெஸ்ட்டும் நம்மகிட்ட இருக்கு. பாசிட்டிவ் அம்மாவுக்கு பொறந்த குழந்தைக்கு ஆறாவது வாரம் குதிகால்ல குத்தி கார்டுல வட்டம் வட்டமா சொட்டு வச்சு காய விடுவோம்ல, அந்த டிபிஎஸ். குழந்தைக்கு ஆன்டிபாடி பாத்து பிரயோஜனமே இல்ல, அம்மாவோட ஆன்டிபாடியே பதினெட்டு மாசம் வரைக்கும் சுத்திக்கிட்டு இருக்கும், பாசிட்டிவ்னு காட்டி பயமுறுத்தும். அதனால அங்க பிளாஸ்மா பிரிக்கற கதையே இல்லாம முழு ரத்தத்தையும் எடுத்து, ஆர்என்ஏவோட சேத்து செல்லுக்குள்ள ஒட்டியிருக்கற டிஎன்ஏவையும் தேடறோம். ஒரு தடவை அந்தக் கார்டு ஃபேனுக்கு கீழ பறந்து போயி நான் பட்ட பாடு இருக்கே, அது வேற கதை.

டெஸ்ட்டுன்னு பேச்சு வந்ததால ஒண்ணு. இந்தியாவுல முதன்முதலா எச்ஐவி இருக்குன்னு தெரிஞ்சது 1986ல, நம்ம சென்னைலதான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சுனிதி சாலமன் மேடம், அவங்க ஸ்டூடண்ட் நிர்மலா. சாம்பிள் எடுத்தது சென்னைல, டெஸ்ட் பண்ற வசதி வேலூர் சிஎம்சில. ஐஸ் போட்டு பெட்டியில வச்சு ரயில்ல காட்பாடிக்கு தூக்கிட்டுப் போனாங்க அந்த நிர்மலா அம்மா. நமக்கு கோல்டு செயின் டப்பா கொஞ்சம் வெயிட்டா இருந்தாலே மூஞ்சி போகுது.

பிப்பெட்_பாண்டி:

அக்கா, பஃபி கோட் விஷயம் நான் சொல்லாம விட்டது, சூப்பர். அதோட ஒண்ணு சேத்துக்கறேன், உடம்புல இருக்கற லிம்ஃபோசைட்ல (சிடி4 எல்லாம் சேர்ந்த வெள்ளை அணு வகை) ரத்தத்துல ஓடறது நூத்துல ரெண்டு பங்குதான். மிச்சமெல்லாம் நெணநீர் முடிச்சு, குடல் சுவர், மண்ணீரல்னு உக்காந்திருக்கு. எலும்புன்னு சொன்னவர் காதுலயும் விழட்டும், ஒளியறது ஒரு உறுப்புக்குள்ள இல்ல, ஒரு வகை செல்லுக்குள்ள.

எந்த செல்லுன்னா ஓய்வுல இருக்கற மெமரி சிடி4. வைரஸ் நுழைஞ்ச செல்லுல பெரும்பாலானது ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும், அதுக்குள்ள வைரஸை கக்கிட்டு. ஆனா எங்கயோ ஒரு செல்லு, வைரஸ் ஒட்டின நேரம் பாத்து வேலை முடிஞ்சு தூங்கப் போற கட்டத்துல இருக்கும். அம்மை, ஃப்ளூ இப்படி ஏதோ ஒரு பழைய நோயை ஞாபகம் வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா சும்மா கிடக்கறதுதான் மெமரி செல்லோட வேலையே. புரோவைரஸை எழுப்பற சுவிட்ச் என்எஃப்-கப்பா-பி மாதிரி நம்ம செல்லோட புரதங்கள்தான், செல்லு தூங்கறப்போ அதுங்க நியூக்ளியஸுக்கு வராது. செல்லு தூங்கினா இவனும் தூங்குவான். வெளிய ஒரு புரதம் கூட காட்டமாட்டான், அதனால இம்யூன் சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியாது, மருந்துக்கும் தடுக்கறதுக்கு எதுவும் நடக்கலை. எச்ஐவி நம்ம ஞாபக சக்திக்குள்ள போய் ஒளிஞ்சிருக்குன்னு யோசிச்சா கொஞ்சம் கோவமாத்தான் வருது.

எவ்ளோன்னு கேட்டா, எழுப்பினா நிஜமாவே எழுந்து பரவக்கூடியது, ஓய்வுல இருக்கற சிடி4 செல் பத்து லட்சத்துல ஒண்ணு மாதிரி. ஒட்டினதுல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல உடைஞ்சு போன காப்பி, அந்த டைப்பிஸ்ட் புண்ணியத்துல. ஆனா அந்த ஒண்ணு போதும். இது 1997ல மூணு குழு தனித்தனியா காட்டினது, அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் ரெண்டு மூணு வருஷம் மாத்திரை குடுத்தா தானா தீந்துடும்னு நம்பிக்கையா பேசிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் அளந்து பாத்தா இந்த சேமிப்பு பாதியாகவே 44 மாசம் ஆகுது, முழுசா தீர 73 வருஷம்னு கணக்கு வந்துச்சு. அதுவும் நடுவுல அந்த செல்லு தன்னைத்தானே பிரிச்சு காப்பி போட்டுக்கிட்டே இருக்கறதால 73லயும் தீராது. உங்க சார் சொன்ன மூணு வாரம் இதுலேருந்துதான். அப்பப்போ எங்கயோ ஒண்ணு ரெண்டு செல்லு முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், மாத்திரை இருந்தா அதுலேருந்து வர்ற வைரஸ் அடுத்த செல்லுக்குள்ள ஒட்டாது, இல்லன்னா ஒட்டும், அதுலேருந்து அடுத்தது, ரெண்டுலேருந்து நாலு வாரத்துல உங்க மெஷினுக்கு தெரியற அளவுக்கு வந்துடும்.

டோக்கன்_நம்பர்_நாலு:

இங்க எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன். நான் 2009லேருந்து மாத்திரை எடுக்கறவன். அப்போ ரெண்டு வேளை, அலாரம் வச்சு சாப்பிடணும், அலாரம் அடிச்சா பஸ்ல பக்கத்துல இருக்கறவன் பாப்பான்னு வைப்ரேட்ல போட்டு பாக்கெட்ல வச்சிருப்பேன்.

மூலிகை மணி அவர்களே, உங்கள மாதிரியே ஒருத்தர்கிட்ட 2013ல போனேன். அதே 90 நாள் கணக்குதான், அது என்ன 90ன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு புரியல. லேகியம் சாப்பிடறப்போ இங்கிலீஷ் மருந்து கூடாதுன்னாரு, நிறுத்தினேன். என்னன்னா முதல் மூணு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, பசி எடுத்துச்சு, அந்த மாத்திரையோட தலைசுத்தல் இல்ல, நானே நாலு பேருக்கு சிபாரிசு பண்ணலாம்னு இருந்தேன். அப்போல்லாம் வைரல் லோடு எல்லாருக்கும் எடுக்கமாட்டாங்க, சிடி4 மட்டும்தான். நிறுத்தறதுக்கு முன்னாடி 540. ஏழாவது மாசம் இருமல் நிக்கலன்னு போனா 190, கூடவே டிபி. கவுன்சிலர் அம்மா ஒரு வார்த்தை திட்டல, டம்ளர்ல தண்ணி குடுத்து உக்காருங்கன்னாங்க, அதுதான் ரொம்ப வலிச்சுது. பழைய மருந்துல நெவிரபின் எனக்கு இனிமே வேலை செய்யாதுன்னு செகண்ட் லைனுக்கு, அதாவது அடுத்த கட்ட மருந்துக்கு மாத்திட்டாங்க.

இந்த த்ரெட்டை படிச்சப்போதான் எனக்கே விளங்குது. மூணு மாசம் நல்லா இருந்தேன்ல, அந்த மூணு மாசமும் அவன் வீடு வீடா பட்டா மாத்திக்கிட்டு இருந்திருக்கான். எனக்கு ஒரு கேள்வி, அந்த நெவிரபின் இத்தன வருஷம் கழிச்சாவது திரும்ப வேலை செய்யுமா?

பிப்பெட்_பாண்டி:

எழுதினதுக்கு நன்றிங்கண்ணா.

உங்க கேள்விக்கு, வருத்தமான பதில்தான், வேலை செய்யாதுன்னே வச்சுக்கணும். மருந்தை திடீர்னு நிறுத்தறப்போ எல்லாம் ஒரே நாள்ல ரத்தத்துலேருந்து போகாது, நெவிரபின் மட்டும் கூட சில நாள் தங்கும். அப்போ அது தனியா நின்னு சண்டை போடற நிலைமை, அந்த டைப்பிஸ்ட் போட்ட ஆயிரம் தப்புல நெவிரபின்னுக்கு மசியாத தப்பு எதுவோ அது மட்டும் தப்பிச்சு பெருகும். பெருகினது போய் மெமரி செல்லுலயும் ஒட்டி தூங்கிடும். இப்போ ரத்தத்துல தேடினா அது இல்லாத மாதிரிகூட தெரியும், ஆனா பத்திரத்துல பதிவாயிடுச்சு. நாளைக்கே நெவிரபின் குடுத்தா எழுந்து வந்துடும். அதனாலதான் டாக்டருங்க இருபது வருஷத்துக்கு முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டீங்கன்னு நோண்டி நோண்டி கேக்கறது. நல்லவேளை இப்போ இருக்கற டொலுடெக்ராவிரை இப்படி ஏமாத்தறது அவனுக்கு ரொம்ப கஷ்டம்.

பெயர்_எதுக்கு:

ஜெர்மனில ஒருத்தருக்கு முழுசா குணமாச்சுன்னு படிச்சேனே? அப்போ அழிக்க முடியாதுன்னு எப்படி சொல்றீங்க? கத்திரிக்கோல் மாதிரி ஜீனை வெட்டறாங்களாமே கிரிஸ்பர்னு, அதை வச்சு வெட்டி எடுத்துடலாம்ல?

பிப்பெட்_பாண்டி:

டிமதி ரே பிரவுனைச் சொல்றீங்க, பெர்லின்ல. அவருக்கு ரத்தப் புற்றுநோய், அதுக்காக 2007லயும் 2008லயும் ரெண்டு தடவை ரத்தம் உண்டாக்கற ஸ்டெம் செல் மாத்தினாங்க. டாக்டர் ஹூட்டர் ஒரு வேலை பண்ணாரு, சிசிஆர்5 ஜீன்ல 32 எழுத்து பொறப்புலயே இல்லாத டோனரா பாத்துத் தேடி எடுத்தாரு. முதல்ல சொன்னேன்ல ரெண்டாவது கதவு, அந்தக் கதவே இல்லாத செல்லு. பழைய இம்யூன் சிஸ்டம் பூராத்தையும் கொன்னுட்டு புதுசு வச்சாங்க. பட்டாவை ரத்து பண்ணலைங்க, ஊரையே இடிச்சு வேற ஊர் கட்டினாங்க. அவர் 2020ல இறந்தது கூட திரும்பி வந்த புற்றுநோயால, எச்ஐவியால இல்ல. அதுக்கப்புறம் லண்டன்ல ஒருத்தர், இன்னும் சில பேர்னு விரல் விட்டு எண்ணலாம். செத்துப் போற ஆபத்து உள்ள ட்ரீட்மெண்ட் அது, புற்றுநோய் இல்லாதவங்களுக்கு செய்யவே மாட்டாங்க. அந்த 32 எழுத்து இல்லாதவங்க வட ஐரோப்பாவுல நூத்துக்கு ஒருத்தர் மாதிரி, நம்ம பக்கம் டோனர் தேடினா கிடைக்கறதே அபூர்வம்.

கிரிஸ்பர் வச்சு புரோவைரஸை வெட்டற ஊசிய சில பேருக்கு போட்டுப் பாத்தாங்க, பக்கவிளைவு பெருசா இல்ல, ஆனா மாத்திரைய நிறுத்தினவங்களுக்கு வைரஸ் திரும்ப வந்துடுச்சு. பத்து லட்சத்துல ஒண்ணை தேடி, ஒண்ணு விடாம வெட்டணுமே.

எனக்கு இதை விட சுவாரசியமா தெரியறது வேற ஒண்ணு. மருந்தே சாப்பிடாம வைரஸை அடக்கி வச்சிருக்கறவங்க ரொம்ப கொஞ்சம் பேர் இருக்காங்க, எலைட் கண்ட்ரோலர்னு சொல்வாங்க. அவங்க செல்லுல புரோவைரஸ் எங்க ஒட்டியிருக்குன்னு 2020ல ஒண்ணு ஒண்ணா பாத்தா, பாதிக்குப் பாதி புறம்போக்குல கிடக்கு. ஜீனே இல்லாத, யாரும் படிக்காத, இறுக்கிச் சுருட்டி வச்ச டிஎன்ஏ பகுதில. மெயின் ரோட்டுல உக்காந்ததையெல்லாம் அவங்க உடம்பு காலப்போக்குல தேடிக் கொன்னுடுச்சு, ஏன்னா அதுங்கதான் சத்தம் போடும். மிச்சம் இருக்கறது கத்தினாலும் யார் காதுலயும் விழாத இடத்துல இருக்கு. கலிபோர்னியால லோரீன் வில்லன்பர்க்னு ஒரு அம்மா, அவங்ககிட்ட 150 கோடி செல்லு தேடியும் முழுசான புரோவைரஸ் ஒண்ணு கூட கிடைக்கல. அழிக்க முடியாட்டி எல்லாரோடதையும் இப்படி புறம்போக்குக்கு தள்ளிப் பூட்ட முடியுமான்னு ஒரு கூட்டம் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கு. என்னைக் கேட்டா வெட்டறதை விட இதுக்கு வாய்ப்பு அதிகம்னு தோணுது, பக்கத்து லேப்காரன் ஒத்துக்க மாட்டான்.

புதுசா யாருக்கும் வராம தடுக்கறதுல இப்போ அந்த கடலைப் பொட்டலத்தையே குறி வச்சு லெனாகாபவிர்னு ஊசி வந்திருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவுல 2,134 பெண்களுக்குப் போட்டுப் பாத்ததுல ஒருத்தருக்கு கூட எச்ஐவி வரல. பொட்டலம் கரையவும் விடாம, சரியா கட்டவும் விடாம கெட்டியாக்கி விட்டுடுது. கூம்பை பத்தி இவ்ளோ பேசினதுக்கு அதான் காரணம்.

டோக்கன்_நம்பர்_நாலு:

பதிலுக்கு நன்றி தம்பி. இதை படிச்சுட்டு யாராவது புதுசா ரிப்போர்ட் வாங்கினவங்க பயந்துடக் கூடாதுன்னு ஒண்ணே ஒண்ணு. வைரல் லோடு தெரியாத அளவுக்கு தொடர்ந்து இருந்தா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்கு பரவாது, தெருவுல நடமாடறவன்தான் அடுத்த வீட்டுக்குப் போக முடியும். என் வீட்டம்மாவுக்கு இல்ல, பையனுக்கு இல்ல, பையன் இப்போ எட்டாவது. அக்கா சொன்ன அந்த குதிகால் கார்டு எங்க பையனுக்கும் எடுத்தாங்க, குத்தினப்போ அவன் அழுததை விட நான்தான் அதிகமா அழுதேன்.

மூலிகை_மணி:

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். விருப்பம் இருக்கறவங்க வரட்டும்.

ஊதாமூடி_அக்கா:

யாரும் வரமாட்டாங்க மணி சார். போய் வேற வேலை பாருங்க.

ஸ்லைடு_தம்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு ஸ்பின் முடிஞ்சு பிளாஸ்மா எடுத்ததுக்கு அப்புறம் டிஸ்கார்டு ரேக்குல வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ட்யூப்பை லைட்டுக்கு நேரா புடிச்சு பாத்தேன் அக்கா. அந்த வெள்ளைக் கோடு ஒரு மில்லிமீட்டர் இருந்தா அதிகம். கொஞ்சம் சாய்ச்சா கலைஞ்சு போகுது. மூணு வாரமா தினமும் எழுபது எம்பது ட்யூப்ல இது இருந்திருக்கு, ஒரு நாள் கூட பாக்கல. சார் வந்து என்னடா பண்றன்னாரு, வைரஸ் எங்க இருக்குன்னு பாக்கறேன் சார்னேன், ஒரு மாதிரி பாத்துட்டு போயிட்டாரு.

ஊதாமூடி_அக்கா:

பாத்ததெல்லாம் சரி, க்ளவுஸ் போட்டிருந்தியா?